மூணு வரி டாக்டர்

திருவண்ணாமலையில் பெண்டாட்டியிடம் "ரொம்ப நன்றி" என்று சொன்ன குற்றத்துக்காக மச்சான்களால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட கணவன் ஒருவர் உண்டு. அதற்கு முழுப் பொறுப்பு ஒரே ஒரு மனிதருடையது. அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. மூணு வரி டாக்டர். ஆட்டோ ஸ்டாண்டில் அப்படிச் சொன்னால்தான் வண்டி கிளம்பும். போர்டில் கொட்டை எழுத்தில் இருந்த அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால், "அப்பிடி யாரும் இல்லீங்களே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அவர் மனநல மருத்துவர். மாவட்டம் தனியாகப் பிரிந்து, ஊருக்குள் தினம் ஒரு புது அலுவலகம் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தனி ஆளாக வந்து இறங்கினார். மனநல மருத்துவர் என்றதும் இடம் கொடுக்க எல்லோரும் யோசித்தார்கள். போளூர் ரோட்டில் மாவு மில் வைத்திருந்தவர் மட்டும் மாடியைக் கொடுத்தார். "கீழ வர்ற சத்தத்த நீங்க பொறுத்துக்குங்க. மேல வர்ற ஜனத்த நான் பொறுத்துக்கறேன்" என்பதுதான் ஒப்பந்தம்.

இரண்டு பேருக்குமே அது வசதியாகப் போயிற்று. மனசு சரியில்லை என்று மாடி ஏறுவதை யாராவது பார்த்துவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று பயந்த காலம் அது. ஆகவே நோயாளிகள் எல்லோரும் கையில் ஒரு பை கோதுமையோடு வந்தார்கள். மில்லுக்கு வருவது போல் வந்து, சந்தடி சாக்கில் படியேறிவிடுவார்கள். மில்காரர் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார். "மேலயா, கீழயா?" என்று கேட்பார். மேலே என்றால், "பைய வெச்சிட்டுப் போங்க. எறங்கி வர்றதுக்குள்ள அரைச்சி வெக்கறேன்" என்பார். குணமானவர்கள் குணமானார்கள். ஆகாதவர்கள் வீட்டிலும் தினமும் சப்பாத்திதான்.

மில் ஓடும்போது மாடி அதிரும். அந்தரங்கத்தை எல்லாம் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒருவர் உயிரைக் கொடுத்துத் தன் பிரச்சினையைக் கத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று கரண்ட் போய்விட்டது. மில் நின்றது. அவர் நிற்கவில்லை. "மாமியார பார்த்தாலே கைகால் நடுங்குது டாக்டர்" என்பது தெருவுக்கே கேட்டது. மாமியாருக்கும் கேட்டது. அந்த அம்மாள் கீழே மிளகாய் அரைக்க வந்து நின்றிருந்தார். மிளகாய் அரைக்கும் நாட்களில் மாடிக்குப் போனவர்கள் அத்தனை பேரும் கண்ணீரும் கம்பலையுமாகத்தான் இறங்கி வருவார்கள். எதிர்சாரிக் கடைக்காரர்கள், "இன்னிக்கு டாக்டர் நல்லா பேசியிருக்காரு போல" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவருடைய வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை எழுதுவார். அதில் கறார். தானாக மாத்திரையை நிறுத்தியவர்களை மாடிப்படியிலேயே நிற்க வைத்துத் திட்டுவார். மாத்திரை தேவைப்படாதவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் சாயங்காலம் அதில் மூன்றே மூன்று வரி எழுத வேண்டும். இன்றைக்கு எது நன்றாக இருந்தது, அதற்கு யார் காரணம். நாலு வாரம் கழித்து, யாருக்கு நன்றி பாக்கி இருக்கிறது என்று தோன்றுகிறதோ அவருக்கு ஒரு பக்கக் கடிதம். தபாலில் போடக் கூடாது. நேரில் போய், எதிரே நின்று, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இப்படி ஒரு வைத்தியம் செய்கிறவர் சாந்த சொரூபியாக இருப்பார், எதைப் பார்த்தாலும் புன்னகைப்பார் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் படியேறினேன். அவருக்குப் பிடித்தது என்று எங்கள் ஊரில் ஒரு பொருள் கிடையாது. வெயில் ஜாஸ்தி. தண்ணீர் உப்பு. காபி கஷாயம். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்து பஸ்ஸெல்லாம் நிரம்பினால் நிலாவையே திட்டுவார். மலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார் என்று எண்ணியிருந்தேன். ஒரு கோடை மத்தியானம் ஜன்னல் வழியாக அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "காத்து வர்ற பக்கமா பார்த்து வச்சிருக்காங்க" என்றார்.

முதலில் சொன்ன வீட்டுக்காவல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கணவர் வருவாய்த் துறையில் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தவர். பெயர் வேண்டாம். தூக்கமில்லை என்று டாக்டரிடம் போய், நாலு வாரம் ஒழுங்காக நோட்டு எழுதி, கடிதமும் எழுதி முடித்தார். ஒரு நாள் காலையில் குளித்து, விபூதி பூசி, அடுப்படியில் நின்ற மனைவியின் எதிரே போய் நின்று, "இருபத்தெட்டு வருஷமா எனக்கு ஆக்கிப்போட்டதுக்கு ரொம்ப நன்றி" என்று படித்தார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

எங்கள் ஊரின் விசேஷத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள் திடீரென்று காவி கட்டிக்கொண்டு மலையைச் சுற்றிக் கிளம்பிவிடுவது இங்கே புதிதல்ல. கிளம்புவதற்கு முன்பு வீட்டில் இருக்கிறவர்களிடம் இப்படித்தான் கனிவாகப் பேசுவார்களாம். அந்த அம்மாள் முதலில் கணவரின் செருப்பை ஒளித்தார். பிறகு எதிர்வீட்டு டெலிபோனில் ஆரணியிலிருந்த தன் தம்பிகளுக்குச் சொல்லியனுப்பினார். அடுத்த பஸ்ஸில் நாலு தம்பிகளும் வந்து இறங்கி, வாசலுக்கு இரண்டு பேர், கொல்லைக்கு இரண்டு பேர் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் டாக்டரே நேரில் போக வேண்டியதாயிற்று. "இது ஒரு பயிற்சிம்மா" என்று விளக்கியிருக்கிறார்.

"பயிற்சின்னா? எங்க போறதுக்கு பயிற்சி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

டாக்டர் ஒரு காபி குடித்துவிட்டு, அது ஆறிப்போயிருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பிகள் மூன்று நாள் இருந்து, அக்கா கையால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவரும் வந்தார். மூன்றே வரியில் உபதேசம் செய்கிற குரு ஒருவர் மில்லுக்கு மேலே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் எதிரே வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். மில் சத்தத்தில் டாக்டர் பேசாமல் இருந்ததை மௌன உபதேசம் என்று எடுத்துக்கொண்டார். டாக்டரோ இந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அந்த அம்மாள் தம் சிநேகிதர்கள் ஐந்து பேரோடு வந்து படிக்கட்டில் பத்மாசனம் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கீழே மிளகாய் அரைபட்டது. டாக்டர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போனது வேறு காரணத்துக்கு. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த அலுவலகம் ஒன்றில் மனுப் பிரிவு உதவியாளர். காலை பத்து மணி முதல் ஊர் ஜனத்தின் குறைகளைப் படித்துப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. பட்டா வரவில்லை, தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் கூரையில் இலை உதிர்க்கிறது. ஒரு நாள் மனு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு வியர்த்துவிட்டது. அப்புறம் அது வாரம் இரண்டு முறை, தினம் ஒரு முறை என்று ஆகிவிட்டது. இ.சி.ஜி. எடுத்த டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹார்ட்ல ஒண்ணுமில்ல. மில்லு மாடிக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க" என்றார். நானும் ஒரு கிலோ கோதுமை வாங்கினேன்.

முதல் வாரத்து நோட்டை நீட்டினேன். பத்து வருஷ அரசாங்கப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. நான் எழுதியது இதுதான்:

"1. காலைக் காபி சூடாக இருந்தமை – தொடர்பாக. 2. பேருந்தில் இருக்கை கிடைக்கப்பெற்றமை – மகிழ்ச்சி தெரிவித்தல் – தொடர்பாக. 3. மேற்படி நாளில் வேறு நிகழ்வு ஏதுமில்லை என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது?"

"நன்றிங்க டாக்டர்."

"நன்றியா? கலெக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. காபி சூடா இருந்துதே, யார் குடுத்தது?"

"வூட்லதாங்க."

"வீடு காபி போடுமா? ஆளுக்குப் பேர் இல்லையா?"

"மல்லிகாங்க."

"எழுது. எத்தனை மணிக்கு எழுந்து போட்டா?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சிண்டு வா" என்று நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன். மல்லிகா பால் பாத்திரத்தைக் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள், ஸ்டவ்வுக்கு நாலு தரம் பம்ப் அடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னாத்துக்கு இப்பிடி ஒக்காந்து பாக்கறீங்க? எனக்கு பயமா இருக்குது" என்றாள். ஆரணித் தம்பிகள் வந்து காவல் இருந்த கதை அவளுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் எழுதிய வரிதான் நான் உருப்படியாக எழுதிய முதல் வரி.

மூன்றாவது வாரம், ஒரு மழை நாளில், எழுதிக்கொண்டே போனவன் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். டாக்டர், நான் எழுதியிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அடித்திருந்ததில் விரலை வைத்தார்.

"இது யார்?"

என் அண்ணன். கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சர்க்கார் வேலைக்கான தேர்வு எழுதப் போன நாளில் எனக்கு நல்ல காய்ச்சல். கழனியில் மல்லாட்டை பிடுங்கிக் குவித்துக் கிடந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அள்ளியாக வேண்டும். அண்ணன் அதை அப்படியே போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்து வேலூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். தேர்வு முடியும்வரை பள்ளிக்கூட வாசலில் நின்றார். நாங்கள் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மல்லாட்டை முழுக்கக் கழனியிலேயே முளைத்துப் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நான் தேறினேன். வேலை அப்படி வந்தது.

அந்த அண்ணனோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்தபோது நான் வேலூரில் இருந்தேன். எனக்குத் தகவல் வந்து, பஸ் பிடித்து, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. தெருவில் நின்று, "எனக்குக் காட்டாமலே எரிச்சிட்ட இல்ல" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போகாமலே திரும்பியவன்தான்.

இதையெல்லாம் டாக்டரிடம் மில் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னேன். அழுகையைக் கத்திச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"அப்ப நான் அவர மன்னிச்சிடணுங்களா?"

"யார் சொன்னா? நான் சொன்னேனா?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். "கோபம் இருந்தா இருக்கட்டும். அது நியாயமான கோபம். மல்லாட்டையும் நடந்திருக்கு, இதுவும் நடந்திருக்கு. ஒண்ணுக்காக இன்னொண்ண எதுக்கு அடிக்கிற? அடிச்சத திருப்பி எழுது. மன்னிக்கிறது வேற சமாசாரம், அதுக்கு நோட்டு இன்னும் அச்சடிக்கல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடிதத்தோடு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். அண்ணன் கழனி மோட்டார் கொட்டகையில் ஸ்பேனரும் கையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணா, ஒரு லெட்டரு. படிக்கணும்."

"கோர்ட்டுலேர்ந்தா?"

"இல்ல. நான் எழுதினது."

அவர் மோட்டாரை நிறுத்தினார். நான் படித்தேன். முடித்த பிறகும் அவர் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மழ எடத்த மட்டும் இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.

"மூணு நாளு இல்லடா. நாலு நாளு" என்றார்.

பிறகு நான் கேட்காமலே அவர் சொன்னார். "அம்மா விஷயத்துல நான் காத்துனு இருந்திருக்கணும். பெரியவங்க சீக்கிரம் எடுத்துடலாம்னு சொன்னாங்க, நானும் தலய ஆட்டிட்டேன். தெருவுல உன் மூஞ்சிய பார்த்தப்பதான் இன்னா பண்ணிட்டோம்னு தெரிஞ்சிது. அதுக்கப்புறம் உன் வூட்டுப் பக்கம் வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அண்ணி, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பதைப் பார்த்தார். "தம்பி, கைய கழுவுங்க. ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு அழுங்க" என்றார்.

அதோடு என் கோபம் அடியோடு போய்விட்டது என்றால் அது பொய். அம்மா முகத்தை நினைத்துப் பார்க்கும்போது இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் அடுத்த அறுவடைக்கு மல்லாட்டை அள்ள நானும் போனேன். நெஞ்சுப் படபடப்பு மெல்ல மெல்ல, ஒரு விருந்தாளி கிளம்புவது போல் சொல்லிச் சொல்லிக் கிளம்பிப் போயிற்று.

குணமான தெம்பில் நான் ஊருக்கெல்லாம் டாக்டர் ஆகிவிட்டேன். யார் பெருமூச்சு விட்டாலும் நோட்டு வாங்கச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த ஒரு பெண்மணியையும் அப்படித்தான் அனுப்பினேன். எப்போதும் தலைவலி என்பார். யாரோடும் பேச மாட்டார். பிற்பாடு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், எழுதினாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

மூன்றாவது வாரம் டாக்டர் அவருடைய நோட்டைப் புரட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை: "இன்று அவர் அடிக்கவில்லை. நன்றி." வியாழக்கிழமை: "இன்றும் அவர் அடிக்கவில்லை." நடுவில் புதன்கிழமை காலியாக இருந்தது.

டாக்டர் நோட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டார். "இது உனக்கு வேண்டாம்மா. அடிக்காத நாளுக்கு நன்றி எழுதற நிலைமைல இருக்கிறவ கைல நான் நோட்டக் குடுத்திருக்கேன். மொதல்ல கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என் பேர்ல." பிறகு, "உனக்குன்னு யார் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

போளூரில் அக்கா இருந்தார். டாக்டர் காத்திருந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொன்னார். அந்தப் பெண்மணியின் குழந்தை படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவை விட்டு அதையும் ஏற்றிக்கொண்டு, போளூர் வரை கூடவே போனார். வழி முழுக்க ரோட்டுப் பள்ளங்களுக்காக ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே போனாராம். "அவரு திட்டத் திட்ட கொழந்த சிரிச்சிதுங்க. ரொம்ப நாளைக்கப்புறம் அது சிரிச்சத அன்னிக்குதான் பார்த்தேன்" என்றார் அந்தப் பெண்மணி. அவர் திரும்ப அந்த வீட்டுக்குப் போகவில்லை. போளூரிலிருந்தே வேலைக்கு வந்து போனார். அதன் பிறகு மாடிக்கு யார் போனாலும், நோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல யாராவது கை ஓங்கறாங்களா?" என்பதுதான். ஆறடி உயரப் போலீஸ்காரரைக்கூட அப்படிக் கேட்டார். ஊருக்கெல்லாம் நோட்டு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, இனிமேல் வாயைத் திறக்காதே என்றும் சொன்னார். திறக்கவில்லை.

டாக்டருக்குச் சாப்பாடு, இரண்டு தெரு தள்ளி சரோஜா அக்கா நடத்திய மெஸ்ஸிலிருந்து கேரியரில் வரும். சாப்பிட்டுக் கழுவி அனுப்பும் காலி கேரியரில் அவர் தினமும் ஒரு சீட்டு வைப்பார். அதிலும் மூன்றே வரி. நான் பார்த்த ஒரு சீட்டு இது: "சாம்பார் – பருப்பு கம்மி. பொரியல் – தேங்காய் பழையது. மோர் – இது மோர் அல்ல, மோரைப் பார்த்த தண்ணீர்." ஒன்பது வருஷம் ஒரு நாள் தப்பாமல் இது நடந்தது. வேறு யாராயிருந்தாலும் கேரியரை நிறுத்தியிருப்பார்கள். சரோஜா அக்கா சீட்டை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

மகளுக்கு ஓசூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. மெஸ்ஸை மூடிவிட்டு மகளோடு போய்விடுவதாகச் சரோஜா அக்கா முடிவு செய்தார். அந்த வாரம் டாக்டர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். பையில் ஒரு தாள் மடித்து இருந்தது.

"சும்மா கூட வா" என்றார்.

மெஸ்ஸில் பாத்திரங்களை எல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. சரோஜா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் தாளை எடுத்தார், பிரித்தார், தொண்டையைக் கனைத்தார். பிறகு சட்டென்று அதை என் கையில் திணித்து, "கண்ணாடி எடுத்துண்டு வரல. நீ படி" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றுவிட்டார்.

படித்தேன்.

"என் மனைவி இறந்த பிறகு நான் இந்த ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் அனுப்பிய கேரியர் பல நாள் திறக்காமலே திரும்பியது. ஒரு நாள் நீங்களே மாடி ஏறி வந்து, 'இன்னா கொறன்னு எழுதி அனுப்புங்க, மாத்திக்கறேன்' என்றீர்கள். குறை எழுத வேண்டுமானால் சாப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அதனால் அன்று சாப்பிட்டேன். மறுநாளும் எழுத வேண்டியிருந்தது. மறுநாளும் சாப்பிட்டேன். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. நான் இருக்கிறேன் என்றால் அதற்கு நீங்கள் காரணம்."

கீழே கையெழுத்துக்கூடப் போட்டிருந்தார்.

சரோஜா அக்கா வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் அதெல்லாம் நெனச்சி கேக்கலீங்க சார். கேரியரு அப்பிடியே திரும்பி வந்தா மெஸ்ஸுக்குக் கெட்ட பேரு. அதுக்குதான் கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சீட்டு வந்துடுச்சின்னா எனக்கு ஒரு நிம்மதி. இன்னிக்கும் மனுஷன் சாப்ட்டாருன்னு. திட்டி எழுதற தெம்பு இருந்தா ஒண்ணும் ஆவாதுங்க."

வாசலைப் பார்த்து, "டாக்டர், உள்ள வாங்க. ரசம் இருக்குது, சாதம் இருக்குது. சாப்ட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். கட்டிய சாக்கைப் பிரித்து இரண்டு தட்டுகளை எடுத்தார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. முடிக்கும் தறுவாயில் சரோஜா அக்கா, "ரசம் எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"பரவால்ல" என்றார்.

சரோஜா அக்கா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவர், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் டாக்டர் வெவ்வேறு ஓட்டல்களில் சாப்பிட்டு, ஓட்டல்காரர்கள் அத்தனை பேரையும் விரோதித்துக்கொண்டார். பிறகு முட்டி வலி வந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. கும்பகோணத்தில் இருந்த தங்கை, வந்துவிடு என்று எழுதியிருந்தார். நோயாளிகளை எல்லாம் வேலூரில் ஒரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். மில்காரர், அவர் மறுக்க மறுக்க, ஒரு பை நிறையக் கோதுமை மாவைக் கையில் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். காலை வேளை. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார வைத்தேன். வெயில் அடிக்கிற பக்கம் என்றார். மறுபக்கம் மாற்றினேன். இந்த சீட்டில் கம்பி குத்துகிறது என்றார். துண்டை மடித்துப் போட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பியபோது, இந்தப் பஸ் விழுப்புரம்கூடப் போய்ச் சேராது என்றார். கண்டக்டர் விசில் அடித்தார். நான் இறங்க வேண்டும். அலுவலகத்தில் மனுக்கள் காத்துக்கொண்டிருந்தன.

நான் இறங்கவில்லை. திருக்கோவிலூர் வரைக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழி நெடுக அவர் ரோட்டையும், டிரைவரையும், எதிர்க்காற்றையும் திட்டிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே போனேன்.